இடது கைப் பாடம்

வாசலில் யாரோ கை தட்டினார்கள். ரெமிஹியோ இரண்டு முன்னங்கைகளையும் யாழின்மேல் சாய்த்து முப்பத்தாறு தந்திகளையும் ஒரே நேரத்தில் அடக்கினார்.

"நிறுத்தச் சொல்லலையே," என்றேன்.

பேசாதீர்கள் என்பதுபோல் தலையை ஆட்டினார். மறுபடியும் மூன்று தட்டு, நிதானமாக. உதவி கேட்டு வருகிறவர்கள் படபடவென்று தட்டுவார்கள். இது அவசரமில்லாத கை.

அவர் மனைவி சதுர்னினா சமையலறையிலிருந்து வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"தலைவர்," என்றாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கையில் ஈரம் இல்லை.

தோன் கிரிஸ்புலோ அடுத்த வீட்டுக்காரர். ஆளும் சிவப்புக் கட்சியின் வட்டத் தலைவர். யாருக்கு வேலை, யாருக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை, யார் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும் என்பதெல்லாம் அவர் வராந்தாவில் முடிவாகும். இருபது வயதில் தெற்கிலிருந்து எங்கள் ஊருக்கு வந்தவர். அதற்கு முந்தைய கதையை யாரும் கேட்டதில்லை. ஜெனரல் ஆட்சிக்கு வந்து அப்போது பதினெட்டாவது வருஷம். பராகுவே முழுக்கவே யாரும் யாரிடமும் முந்தைய கதை கேட்பதில்லை.

வீட்டுச் செருப்போடு வந்தார். ஒரு கையில் ஐஸ் தண்ணீர் ஜாடி, இன்னொரு கையில் தெரெரே பானத்துக்கான இலை நிரப்பிய மாட்டுக்கொம்புக் குவளை.

"தொந்தரவு பண்ணிட்டேனா டீச்சரம்மா? நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

"முடியற நேரம்தான்," என்றேன்.

உட்கார்ந்தார். குவளையில் தண்ணீர் ஊற்றி ரெமிஹியோவிடம் நீட்டினார். அதை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ரெமிஹியோ உறிஞ்சினார். உலோகக் குழல் அவர் பல்லில் பட்டுச் சத்தம் போட்டது.

"அஞ்சு மாசமா கேட்டுட்டிருக்கேன் தோன் ரெமிஹியோ. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் என் கட்டில். மத்தியானம் படுத்தா தலைமாட்டுல உங்க கை."

"மன்னிச்சுக்கணும் தலைவரே. தூக்கம் கெட்டிருந்தா..."

"கெடலை. நல்லாத்தான் இருக்கு. என்ன பாட்டு அது?"

"பாட்டு இல்ல. பயிற்சி."

"பாட்டுதான். எனக்குக் காது இருக்கு."

"வெறும் அடித்தந்தி தலைவரே," என்றேன். "இடது கை மட்டும்தான் வாசிக்கறார். மேல பாட்டு இன்னும் வரலை."

"வரலையா? எனக்கு வருதே." சிரித்தார். "முதல் வரியிலேர்ந்து முழுசா வருது. பக்கத்துலயே படுத்திருக்கா என் பொண்டாட்டி, அவளுக்கு ஒண்ணும் கேக்கலையாம்."

"எந்தப் பாட்டு?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் என்னைப் பார்த்தார். குவளையை என்னிடம் நீட்டினார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அதை நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லணும். வர்ற ஞாயித்துக்கிழமை எனக்குப் பொறந்த நாள். மாடு வெட்டறோம். நம்ம ஆளுங்க எல்லாம் வருவாங்க. யாழைத் தூக்கிட்டு வந்து இதே பாட்டை முழுசா வாசிங்க. நான் கேட்டது சரியான்னு பாத்துக்கறேன். அவங்களும் கேக்கட்டும்."

"எனக்கு இன்னும் வலது கையே..."

"இதே பாட்டு. வேற பாட்டுக்கு மாத்தினீங்கன்னா எனக்குத் தெரியும். அஞ்சு மாசமாத் தெரியும்."

போகும்போது சதுர்னினாவின் சமையலை மெச்சிவிட்டுப் போனார். அவள் அன்று ஒன்றும் சமைத்திருக்கவில்லை.

எதிர்க்கட்சியான நீலக் கட்சிக்கும் ஒரு பொல்கா, ஆடிப் பாடும் கட்சிப் பாட்டு, உண்டு. சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. நீலத்தின் பெயரை எங்கள் ஊரில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். பக்கத்து ஊர்க் கல்யாணம் ஒன்றில் அக்கார்டியன்காரன் ஒருவன் போதையில் 'அது'வில் நாலு அடி வாசித்தான். பதினோரு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். விரல்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அக்கார்டியனைத் தொடுவதில்லை.

எங்கள் பொல்காக்களில் பாதிக்கு மேல் அடித்தந்தி ஒன்றேதான். சிவப்புக்கும் நீலத்துக்கும் அதே ஏற்றம், அதே இறக்கம். சுவரைத் தாண்டிப் போவது அடித்தந்தி மட்டும். கேட்கிறவன் மேலே என்ன வைத்துக்கொள்கிறானோ அதுதான் பாட்டு.

ரெமிஹியோ பனியாகுவாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். எடை அளவு அலுவலகத்தில் குமாஸ்தா. சந்தைக்குப் போய்க் கடைக்காரர்களின் தராசுகளைச் சோதிப்பது வேலை. இருபத்தோரு வருஷத்தில் ஒரு கடைக்காரனையும் சத்தம் போட்டதில்லை. தராசு பொய் சொன்னால் முத்திரை குத்தாமல் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். கசாப்புக்காரர்கள் அவருக்கு 'பாதிரியார்' என்று பேர் வைத்திருந்தார்கள். காது கேட்கவே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஆற்றங்கரை உணவகத்தில் நான் வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் முதலில் வந்தார். அலுவலக விருந்து. எல்லோரும் பாட்டுக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவர் யாழுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என் இடது கையையே பார்த்தார். இடைவேளையில் கேட்டார்.

"டீச்சர், இதை மட்டும் தனியா கத்துக்க முடியுமா?"

"எதை?"

"கீழ நடக்கறதை. மேல இருக்கற பாட்டு வேண்டாம்."

"பாட்டு இல்லாம எதுக்கு?"

"இதுல எந்தப் பாட்டும் இல்லைல்ல. அதான்."

அப்போது எனக்குப் புரியவில்லை. முதல் ஆறு மாதம் இடது கை மட்டும் என்பது எப்படியும் என் வழக்கம். சரி என்றேன். செவ்வாயும் வியாழனும் நாலரைக்கு அவர் வீட்டுக்குப் போவேன். மற்ற நாளில் மத்தியானம் அவரே தனியாகப் பழகுவார். தேவதாரு யாழ், பழையது. அடிப்பக்கம் ஒரு விரிசலைப் பசைபோட்டு மூடியிருந்தது. இடது கை நகங்களை வளர்க்கச் சொன்னேன். எங்கள் யாழை நகத்தால் வாசிக்க வேண்டும், சதையால் வாசித்தால் தந்தி பேசாது. வளர்த்தார். சதுர்னினாவுக்குச் சிரிப்புத் தாங்காது.

"நிமியா, இவன் கையைப் பாரு. பாதி மினிஸ்டர் பொண்டாட்டி, பாதி குமாஸ்தா."

"வலது கை நகத்தையும் வளக்கலாம்," என்பேன்.

"எடைக்கல் தூக்கற கை டீச்சர். ஒடஞ்சிடும். இடது போதும்," என்பார் அவர்.

என் மாணவர்களில் அவருடைய இடது கைதான் ஆக நல்லது. ஒவ்வொரு தந்தியையும் எடைபோட்டு விடுவதுபோல் தொடுவார். சத்தம் எழுந்ததும் அடுத்த விரலால் அடக்குவார். தேவைக்கு மேல் ஒன்றையும் ஒலிக்க விடமாட்டார்.

தோன் கிரிஸ்புலோ போன பிறகுதான் அவர் மற்றதைச் சொன்னார். ஜன்னலைச் சாத்திவிட்டு, சுவரிலிருந்து தள்ளி, சமையலறைக் கதவருகே நின்றுகொண்டு சொன்னார். அவருடைய அப்பா நீலம். நாற்பத்தேழாம் வருஷக் கலகத்தில் ஆற்றைத் தாண்டி அர்ஜெண்டினாவுக்குப் போனவர், அங்கேயே செத்தார். வேலைக்காகச் சிவப்புக் கட்சி அட்டை வாங்கப் போனபோது ரெமிஹியோ விண்ணப்பத்தில் அம்மாவின் குடும்பப் பெயரை மட்டும் எழுதினார். அப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு. எங்கள் நாட்டில் பாதிப் பேருக்கு அங்கே கோடுதான், யாரும் கேட்கவில்லை.

"கேட்டா தெரிஞ்சிடும்," என்றார். "யாராவது ஒருத்தர் எங்க ஊருக்குப் போய்க் கேட்டாப் போதும். ஞாயித்துக்கிழமை அவர் 'அது'ன்னு சொல்லிட்டா போய்க் கேப்பாங்க. அப்பறம் நான் திரும்பி வர்றதா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? நீங்க வாசிச்சது பாட்டே இல்லையே."

"அதுக்குத்தான டீச்சர் அதைக் கத்துக்கிட்டேன்."

சதுர்னினா சொன்னாள்: "சிவப்பை வாசிச்சிடு. அடி ஒண்ணுதானே? மேல சிவப்பை வை. எவன் என்ன சொல்ல முடியும்?"

அதைவிட நல்ல யோசனை எங்களுக்கு வரவில்லை. அன்று வியாழன். மூன்று நாள். வெள்ளியும் சனியும் நான் உணவகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன். வலது கைக்குப் பதினாறு அடி. குழந்தைகள்கூட இரண்டு வாரத்தில் வாசிக்கும் பதினாறு அடி. அவருக்கு வரவில்லை. இடது கை மூன்றாகப் போகும், வலது கை அதன்மேல் இரண்டாகப் போக வேண்டும். வலது கையைப் பார்த்தால் இடது நின்றுவிடும். நகமும் இல்லை. விரல் சதை மேல்தந்தியில் பட்டு ஈரத் துணியை உதறுவதுபோல் ஒரு சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம் தலைவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்று தந்திகளுக்கு நடுவே ஒரு துண்டைச் செருகி வைத்துப் பழகினோம். அதனால் எங்களுக்கும் சரியாகக் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சதுர்னினா ஒரு பையை எடுத்து வந்து கதவுக்குப் பின்னால் வைத்தாள். கம்பளிச் சட்டை, துண்டு, சோப்பு, சிகரெட்.

"எனக்குத்தான் சிகரெட் பழக்கம் இல்லையே," என்றார் ரெமிஹியோ.

"உனக்கில்ல. காவக்காரனுக்கு."

"கம்பளி எதுக்கு? ஜனவரி மாசம், நடுக்கோடை."

அவள் சட்டையைப் பையின் அடியில் அமுக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நகவெட்டியையும் எடுத்து வந்து பையில் போட்டாள்.

"அங்க போய் இப்படி நகத்தோட உக்காந்திருக்காத. மானம் போயிடும்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள். ஜாடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஞாயிறு பதினொரு மணிக்கு நானும் அவரும் யாழை ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுத்த வாசலுக்குக் கொண்டுபோனோம். சதுர்னினா பின்னாலேயே வந்தாள். பின்கட்டில் மாமரத்தடியில் இரும்புக் கம்பிகள்மேல் விலாக்கறி வெந்துகொண்டிருந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோர் கழுத்திலும் சிவப்புத் துணி. சுவரில் ஜெனரல் படம், அதற்கும் ஒரு சிவப்புத் துணி. ரெமிஹியோவின் கழுத்திலும் இருந்தது. சதுர்னினா கட்டிவிட்டது, இறுக்கிக் கட்டியிருந்தாள்.

நான் யாழைச் சுருதி சேர்த்தேன். வேண்டுமென்றே மெதுவாகச் சேர்த்தேன். முடிந்த பிறகும் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அவர் கை நின்றுபோனால் மேல்தந்தியை நானே எடுத்துக்கொள்வதாக எங்களுக்குள் பேச்சு.

"டீச்சரம்மா, இப்படி வாங்க," என்றார் தோன் கிரிஸ்புலோ. "நிழல்ல நில்லுங்க. அவர் கைதானே கேக்கணும்."

தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"நம்ம பக்கத்து வீட்டுக்காரர்," என்று எல்லோரிடமும் சொன்னார். "அஞ்சு மாசமா ஒரே பாட்டு. என்ன பாட்டுன்னு சொல்ல மாட்டேங்கறார். இன்னிக்குச் சொல்லப் போறார்."

"பாதிரியார் பூசை வைக்கப் போறாரு டோய்," என்றான் சந்தைக் கசாப்புக்காரன் ஒருவன். சிரித்தார்கள்.

ரெமிஹியோ இடது கையை வைத்தார். தொடங்கினார். அவ்வளவு நன்றாக அவர் வாசித்து நான் கேட்டதில்லை. சுவர் இல்லாமல், துண்டு இல்லாமல், முற்றம் முழுக்க அது போயிற்று. முன்னுரை எட்டு அடி. அதற்குப் பிறகு வலது கை நுழைய வேண்டும்.

எட்டு அடி முடிந்தது. வலது கை தந்திமேல் இருந்தது, விரல்கள் அசையவில்லை. இடது கை மறுபடி முதலிலிருந்து போயிற்று. இன்னொரு எட்டு. அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையோ என்பதுபோல. மூன்றாவது எட்டு. பேச்சு நின்றுவிட்டது. கறியில் கொழுப்பு சொட்டித் தணல் சீறுவது கேட்டது. நான் நகர்ந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். நகரவில்லை. கதவுக்குப் பின்னால் இருக்கும் பை என் கண்முன் வந்தது.

நான்காவது எட்டில் அந்தக் கசாப்புக்காரன் பாடினான். எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் கறியோடு, சிவப்புப் பொல்காவின் முதல் வரியை. அடி சரியாக உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்தவன் சேர்ந்தான். பிறகு நாற்பது பேரும். நின்றார்கள், துணியை அவிழ்த்துச் சுழற்றினார்கள், காலால் தரையை உதைத்தார்கள். ரெமிஹியோவின் இடது கை அவர்களுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது.

தோன் கிரிஸ்புலோ எழுந்திருக்கவில்லை.

சிவப்புப் பாட்டு மூன்றாவது வரியில் ஒரே சுரத்தில் நிற்கும். நீலம் அந்த இடத்தில் ஒரு படி மேலே ஏறும். எனக்கு முன்னால் தோன் கிரிஸ்புலோவின் பிடரி இருந்தது. வாய் மூடியிருந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு முனகல் என் காதுக்கு வந்தது, நான் இருந்த தூரத்துக்கு மட்டும். மூன்றாவது வரி வந்தது. நாற்பது பேர் ஒரே இடத்தில் நின்றார்கள். முனகல் மேலே ஏறியது.

அடுத்த சுற்றிலும் ஏறியது. ரெமிஹியோ அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் தலையை நிமிர்த்தி தோன் கிரிஸ்புலோவின் தொண்டையைப் பார்ப்பதை நான் பார்த்தேன். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் பார்த்துவிட்டார். முனகல் நின்றது.

பாட்டு முடிந்து எல்லோரும் வாழ்க என்று கத்தினார்கள். தோன் கிரிஸ்புலோ கடைசியாகக் கை தட்டினார். எழுந்து போய் ரெமிஹியோவின் இடது கையைத் தூக்கி நகங்களைப் பார்த்தார். நானும் சதுர்னினாவும் பக்கத்தில் போனோம்.

"நல்ல கை," என்றார். "உங்க அப்பா வாசிப்பாரா?"

"எனக்கு அப்பா இல்ல தலைவரே. காகிதத்துல அம்மா பேர்தான்."

"காகிதத்துல."

"ஆமா தலைவரே."

சதுர்னினா இடையில் புகுந்தாள். "நீங்க கேட்டது இதுதானா தலைவரே? சந்தேகம் தீந்துச்சா?"

"தீந்துச்சு. நம்ம பாட்டுதான். எல்லாரும் பாடினாங்களே." கையை விட்டார். என் பக்கம் திரும்பினார். "நான் பாடலை டீச்சரம்மா. எனக்குக் குரல் கிடையாது. கவனிச்சீங்களா?"

"கவனிக்கலை," என்றேன்.

"நீங்க தோன் ரெமிஹியோ?"

"தந்தியைப் பாத்துட்டிருந்தேன்."

"நல்லது," என்றார். "சாப்பிடுங்க. விலாக்கறி ஆறிடும்."

நாங்கள் சாப்பிட்டோம். இரண்டாம் முறையும் வைத்தார்கள், அதையும் சாப்பிட்டோம். நாலு மணிக்கு யாழைத் தூக்கிக்கொண்டு வந்தோம். ரெமிஹியோ பையைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டாம் என்றார்.

மறுநாள் திங்கள். ரெமிஹியோ ஏழு மணிக்கு அலுவலகத்துக்குப் போனார். மேசைமேல் மாற்றல் உத்தரவு இருந்தது. ஆற்றுக்கு அக்கரையில், சாக்கோ என்ற வறண்ட காட்டுப் பகுதியின் வடகோடியில், தோல் பதனிடும் ஊர் ஒன்று. அங்கே எடை அளவுக் கிளைக்குப் பொறுப்பு. பதவி உயர்வு என்று எழுதியிருந்தது. வியாழக்கிழமைப் படகில் போக வேண்டும். மேலதிகாரி கைகுலுக்கினார். பத்து மணிக்கு தோன் கிரிஸ்புலோ வேலியோரம் கை தட்டி சதுர்னினாவிடம் மிச்சக் கறி கொடுத்தார். அந்த ஊரில் தண்ணீர் உப்பு, வடிகட்டிக் குடிக்க வேண்டும் என்றார். அவள் நன்றி சொன்னாள். கதவுக்குப் பின்னால் இருந்த பையைப் பிரித்து, சிகரெட்டை வெளியே எடுத்துவிட்டு, மீதிச் சட்டைகளையும் அதிலேயே அடுக்கினாள்.

திங்கள் என் பாட நாள் இல்லை. இருந்தாலும் நாலரைக்குப் போனேன். யாழைப் படகில் ஏற்ற விடமாட்டார்கள் என்று அவர் விசாரித்து வைத்திருந்தார். என்னிடம் இருக்கட்டும் என்றார். இடது கை நகங்களை வெட்டியிருந்தார். ஒரு மணி நேரம் வலது கைப் பாடம் நடத்தினேன். முதல் நாலு அடி வந்தது. ஐந்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளி இழுக்கும் சத்தம் கேட்டது. ஐந்தரைக்குப் பாடத்தை முடித்தேன்.